ஒருநாள் பூச்சியும் ஓடாவி குடியும்

1

மாசிக் கருவாட்டுத்தூள் போத்தலை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்த என் மனைவி றிஸானா போட்ட சத்தத்தில், முகத்தில் சவர்க்கார நுரையோடு குசினிக்கு ஓடினேன். போத்தலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் ஏராளமான சிறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த நீர் போல ஒன்று. அதன் அடியில் மூன்று மயிர் போன்ற வாலோடு ஒரு பூச்சி.

எங்கள் மகள் சஹ்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது என்ன புள்ள?"

"பூச்சி உம்மா."

"அது எனக்கும் தெரியுது. இந்தத் தண்ணி என்ன தண்ணி?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஸ்பிரிட்" என்றாள்.

"மதுசாரமா? என்ட பிரிட்ஜுக்குள்ளயா?"

"இது பூச்சி பழுதாகாம இருக்கிறதுக்கு உம்மா. எங்களுக்கில்ல."

றிஸானா அன்றைக்கு அந்தத் தட்டை மூன்று முறை கழுவினாள். ஹராமான சாமான் மூடியிட்ட குழாய்க்குள் இருந்தால் பக்கத்திலிருக்கும் மாசிக்குப் பங்கம் வருமா என்று சாய்ந்தமருதுக்குப் போன் எடுத்துத் தன் மூத்த சகோதரி ராத்தாவிடம் கேட்டாள். மாசிக்கு ஒன்றும் இல்லை, பூச்சியை வெளியே போடு என்று தீர்ப்பு வந்தது. நான் பெட்டியைக் கொண்டுபோய்க் கராஜில் வைத்தேன். நோர்வேயில் ஏப்ரல் மாதத்துக் கராஜும் ஒரு பிரிட்ஜ்தான், யாருக்கும் நட்டமில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில் நான் மருதமுனை. மனைவி சாய்ந்தமருது. இந்தச் சித்திரையோடு நாங்கள் இங்கே வந்து இருபத்தாறு வருடம். நான் பஸ் ஓட்டுகிறேன், அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போனபோது ஊரில் எல்லோரும் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் கொஞ்சக் காலம் திருத்தவில்லை. பிறகு பூச்சி என்று உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. ராத்தா யோசித்துவிட்டு, "பூச்சி மருந்துக் கொம்பனிக்கா?" என்று கேட்டார். வயற்காரர் குடும்பத்தில் பூச்சியை இன்னொரு காரணத்துக்காகப் பார்ப்பார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்?

2

பெட்டிக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. சனிக்கிழமைகளில் சஹ்லாவை ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவளுக்கு ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இல்லை. கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஆறாவது நாள் ஓய்வு என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையாம்.

முதல் நாள் எனக்கு நெஞ்சு வரை வரும் ரப்பர் காற்சட்டை ஒன்றைத் தந்தாள். எங்கள் வயல் நாவிதன்வெளியில் இருந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நின்றே வளர்ந்தவன் நான். தண்ணீரில் இறங்க இவ்வளவு ஆடம்பரம் தேவையா என்று சிரித்தேன். இறங்கிய பிறகு சிரிக்கவில்லை. பனி உருகி வந்த நீர், ரப்பருக்கு மேலாலேயே எலும்பைத் தேடி வந்தது.

வேலை எளிது. வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளற வேண்டும். கல்லில் ஒட்டியிருப்பவை கழன்று வலைக்குள் வரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டினால் சருகுக்கும் மணலுக்கும் இடையில் ஏதோ அசையும். அதுதான் அவள் தேடும் பூச்சியின் குடம்பி, சிறகு முளைக்காத பருவம். ஒரு வருடம், சில ஆற்றில் இரண்டு வருடம் கல்லுக்கடியில் கிடக்கும். பிறகு ஒரு நாள் சிறகு முளைத்து மேலே வரும். வந்த பிறகு அதற்குச் சாப்பிட வாயே ஒழுங்காக இல்லை. சோடி சேர்ந்து, முட்டையிட்டு, ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். இந்த நாட்டு மொழியில் அதன் பெயருக்கு ஒருநாள் ஈ என்று பொருள். நமது பக்கத்தில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. வாய்க்காலில் அத்தனை வருடம் நின்றும் நான் கண்ட ஒரே நீர்வாழ் உயிர் அட்டை. அதையும் அது என்னைக் கண்டுபிடித்த பிறகுதான் கண்டிருக்கிறேன்.

"நாவிதன்வெளியிலயும் இந்தச் சாதி இரிக்குமா?" என்று கேட்டேன்.

"இதே இனம் இரிக்காது. இதுட சொந்தக்காரர் கட்டாயம் இரிப்பாங்க. நீங்க பாக்கல்ல வாப்பா."

அது உண்மை. நான் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, மூன்று வாலா இரண்டு வாலா என்று எண்ணத் தொடங்கினேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சனிக்கிழமைகள் போல நான் இந்த நாட்டில் சந்தோசமாக இருந்ததில்லை.

சஹ்லா தேடியது பூச்சியை அல்ல, அது வந்த வழியை. இந்த நாடு முழுவதும் ஒரு காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்ததாம். மலை மூடும் உயரத்துக்குப் பனி. ஆறு இல்லை, கல் இல்லை, பூச்சிக்கு இருக்க இடமில்லை. பனி உருகிய பிறகுதான் ஒவ்வோர் உயிரும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. "இஞ்ச எல்லாமே வந்தேறிதான் வாப்பா, மரமும் சேத்து" என்றாள். எனக்கு அந்த வசனம் நன்றாகப் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை டிப்போவில் "நீ உண்மையில் எந்த ஊர்?" என்று வருடத்துக்கு இரண்டு தடவை கேட்கும் ஒரு சக சாரதியிடம் அதை அப்படியே விட்டேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, தன் பாட்டனார் பின்லாந்துக்காரர் என்று சொன்னார். அத்தனை வருடமும் நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

3

பூச்சிகள் இரண்டு பாதையால் வந்திருக்கலாம் என்பது சஹ்லாவின் எண்ணம். ஒரு கூட்டம் தெற்கால், ஒரு கூட்டம் கிழக்கால். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இவை இரண்டும் எந்த ஆற்றில் சந்தித்தன என்பதுதான் அவளுடைய ஆய்வு.

திரும்பி வரும் வழியில் கேட்டேன். "ஒண்டுபோல இருந்தா எது எந்தப் பக்கத்தால வந்ததெண்டு எப்புடித் தெரியும்?"

அவள் பாதி நோர்வே மொழியிலும் பாதி நம் மொழியிலும் சொன்னதை இங்கே ஒரே மொழியில் எழுதுகிறேன். "கலத்துக்குள்ள இழைமணி எண்டு ஒரு சின்னச் சாமான் இரிக்கி. அதுக்குள்ள தனியாக் கொஞ்சம் பரம்பரை எழுத்து. அது உம்மாட்ட இருந்து மட்டும்தான் வரும். ஆம்புளப் புள்ளைக்கும் உம்மா குடுப்பா. ஆனா அவன் அத ஆருக்கும் குடுக்க ஏலா. அவனோட முடிஞ்சிரும். அதால அந்த எழுத்தப் புடிச்சுக்கொண்டு போனா உம்மாட உம்மாட உம்மா எண்டு பழைய இடத்துக்குப் போகலாம்."

காரை ஒரு பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். அதில் கார் நிறுத்துகிறவர்களைத் தினமும் திட்டுகிறவன் நான்.

"புள்ள, இதுக்கு இவ்வளவு படிப்பா? இது குடிதானே!"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஓதக் கற்பித்தோம், சோறும் சம்பலும் ஆக்கக் கற்பித்தோம், சலாம் சொல்லக் கற்பித்தோம். குடி என்ற ஒன்று இருப்பதைச் சொல்லவே இல்லை.

ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அவளுக்கு அன்று சொன்னதையே எழுதுகிறேன். நம் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு குடி. அது தாய்வழியாக வருவது. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகள் உம்மாவின் குடிதான். முந்திய காலத்தில் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார், ஊர்க் காரியம் எல்லாம் அவர் மூலம்தான். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, அவர்கள் காக்கா தங்கச்சி, அதாவது அண்ணன் தங்கை முறை. கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டு அசையமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். நானும் அப்படித்தான் மருதமுனையிலிருந்து கல்முனை பஜாரைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போனேன். பஸ்ஸில் கால் மணித்தியாலம். என் வாழ்க்கையின் முதல் புலம்பெயர்வு அது. நோர்வேக்கு வந்தது இரண்டாவது. முதலாவதுதான் கஷ்டம். மாமியின் மீன் ஆணத்துக்கு நாக்கைப் பழக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

"அப்ப ஆம்புளைகள்தான் இடம் மாறுற, பொம்புளைகள் நிண்ட இடத்துல!" சஹ்லாவின் கண் விரிந்தது. "அப்புடியெண்டா ஊருக்கு ஊர் உம்மா எழுத்து வேறவேறயா இரிக்கும் வாப்பா. மத்த எழுத்தெல்லாம் கலந்திரும். என்ட குடி என்ன?"

"உம்மாட குடி. ஓடாவி குடி. நான் லெவ்வை குடி."

அவள் அதைப் பூச்சிக் கணக்கு எழுதும் நனையாத கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

நாங்கள் வந்து இறங்கிய வருடம், ஓர் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். என் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர், மனைவியின் பெயருக்கு முன்னால் அவள் வாப்பாவின் பெயர். இரண்டும் குடும்பப் பெயரல்ல என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். என்னிடம் அப்போது நோர்வே மொழியில் மொத்தமாக நாற்பது சொல் இருந்திருக்கும். கடைசியில் அந்த மனுசி களைத்துப்போய் என் வாப்பாவின் பெயரைக் கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று பேருக்கும் போட்டார். சிறுபோகத்தில் வயல் தண்ணீருக்குச் சண்டை பிடித்து அலைந்த என் வாப்பாவின் பெயரைச் சொல்லி இந்த நாட்டுப் பல்வைத்தியர் என் மனைவியைக் கூப்பிடுகிறார். குடும்பப் பெயர் என்று சொல்லத்தக்க ஒன்று எங்களிடம் இருந்தது குடிதான். அது எனக்கு அன்றைக்கு வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அது என்னுடையதல்ல, அவர்கள் இருவருடையதுதான்.

4

ஜூன் மாதம் சஹ்லா ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். இர்பான். வேறொரு நகரத்தில் பிறந்து வளர்ந்தவன், பொறியியலாளர். தாய் தகப்பன் சம்மாந்துறை. றிஸானா அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ இரவு எந்த நாட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு வருவாளோ என்று பயந்திருந்தவள். வந்தவன் நமது மகரிப் பாங்கு கேட்கும் தூரத்துக்காரன்.

இர்பான் வந்தான். நல்ல பிள்ளை, நன்றாகச் சாப்பிட்டான், பாத்திரத்தையும் கழுவினான். அவனுடைய உம்மா போனில் பேசினார். எல்லாம் சுமுகம். இங்கேதான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் குடி என்ற புதினம் தலைக்குள் ஏறி நின்றது. பூச்சியின் வம்ச மரத்தை சஹ்லா வரைகிற மாதிரி நானும் ஒரு மரம் வரைய ஆசைப்பட்டேன். இர்பானின் உம்மாவிடம் கேட்டேன். அவர் பெருமையாக, "நாங்க ஓடாவி குடி" என்றார். நான் துள்ளினேன். சம்மாந்துறையில் ஒரு கிளை, சாய்ந்தமருதில் ஒரு கிளை, இரண்டும் நோர்வேயில் வந்து சந்தித்திருக்கிறது! என் மகளின் ஆய்வே எங்கள் வீட்டுக்குள் நடக்கிறது! இந்த அதிசயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் நேரே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். றிஸானாவுக்கு ராத்தா என்றால் எனக்கு மதினி. பெயர் நபீஸா. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து, பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர்.

சொல்லி முடித்தேன்.

"மச்சான், அது எங்கட குடி."

"ஓம் மதினி! பாத்தீங்களா புதினத்த!"

"காக்காக்கும் தங்கச்சிக்கும் நிக்காஹ் செய்யிற உங்களுக்குப் புதினமா?"

அப்போதுதான் எனக்கு நான் செய்தது உறைத்தது. இதை நான் சஹ்லாவுக்கு என் வாயாலேயே விளக்கியிருக்கிறேன், ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை என்று. விளக்கியவனுக்கே அது ஞாபகத்தில் இல்லை. இருபத்தாறு வருடத்தில் குடி எனக்கு ஒரு விஞ்ஞானச் செய்தியாகிவிட்டிருந்தது. ஊரில் இருப்பவருக்கு அது இன்னும் குடிதான்.

5

ராத்தா கலியாணத்துக்கு வரமாட்டார். அவர் வராத கலியாணத்தை நான் வைக்கமாட்டேன் என்றாள் றிஸானா. சஹ்லா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "உம்மா, நான் இர்பானத்தான் முடிப்பன். நீங்க இல்லாம முடிக்கிறதா, இருந்து முடிக்கிறதா எண்டதுதான் கேள்வி." றிஸானா எழுந்து போய்த் துணி மடித்தாள். ஏற்கனவே மடித்திருந்த துணி.

நான் மதினியிடம் வாதாடிப் பார்த்தேன். மார்க்கத்தில் இதற்குத் தடை இல்லை, இப்போது ஊரிலேயே எத்தனை பேர் குடி பார்க்காமல் செய்கிறார்கள் என்றேன்.

"மார்க்கம் எனக்கும் தெரியும். செய்யிறவங்க செய்யட்டும். நீங்க வேற குடி மச்சான், இதுல கதைக்க வராதீங்க."

சஹ்லா வீடியோவில் பேசினாள். பெரியம்மாவுக்குப் பூச்சிப் படம் எல்லாம் காட்டினாள். ஒரே உம்மா எழுத்து உள்ள பூச்சிகள் ஒன்றுக்கொன்று எத்தனையோ ஆறு தள்ளி இருக்கின்றன, பிரிந்து எத்தனையோ தலைமுறை, மற்ற எழுத்தெல்லாம் வேறாகிவிட்டது, அவை அண்ணன் தங்கை இல்லை என்று அழகாகச் சொன்னாள். ராத்தா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாப் படிச்சிருக்காய் மகள். ஆனா அது பூச்சிட கத. பூச்சிக்குக் குடி தெரியா, அதால அதுக்குப் பாவமில்ல. எங்களுக்குத் தெரியுமே."

சஹ்லா பூச்சிப் படங்களை மூடினாள்.

எனக்கு இன்னொரு யோசனை வந்தது. எச்சிலைக் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பினால் தாய்வழி எழுத்தை வாசித்துத் தருகிற இடங்கள் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் எழுத்து வேறாக இருக்கலாம் அல்லவா? வேறாக இருந்தால் ராத்தாவின் வாதம் விழுந்துவிடும். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். சஹ்லா கரண்டியை வைத்துவிட்டாள். வேறாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு என்னை விட விளக்கம் அதிகம்.

"வாப்பா, எழுத்து வேறயெண்டா, எங்கயோ ஒரு இடத்துல ஒரு புள்ள உம்மாட புள்ளையா இல்லாம இருந்திருக்கணும். எடுத்து வளத்த புள்ளையா இருக்கலாம். இல்லாட்டி ரெண்டும் மொதல்லயே ஒரே பேர் வெச்ச வேற குடியா இருக்கலாம்."

றிஸானா தலையை நிமிர்த்தினாள். "அப்ப எவளுக்கு உம்மாவ இல்லாமலாக்கப் போறீங்க? எனக்கா, அந்தப் பொடியன்ட உம்மாக்கா?"

அதற்குப் பிறகு குழாய்ப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த எழுத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றைக்கும் போகவில்லை. அது கெட்ட ஆசை என்றும் தெரிகிறது.

6

செப்டம்பரில் கடைசி ஆறு. மலைக்கு மேலே, இரண்டரை மணித்தியால ஓட்டம். றிஸானா தானும் வருகிறேன் என்றாள். அதுவரை ஒரு நாளும் வராதவள். பிளாஸ்கில் தேத்தண்ணீரும் மிளகாய்த்தூள் போட்ட முட்டை ரொட்டியும் எடுத்துக்கொண்டு, கரையில் ஒரு கல்லில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். நான் கல்லைக் கிளறினேன், சஹ்லா வலை பிடித்தாள்.

சஹ்லா தட்டோடு கரைக்கு வந்தபோது றிஸானா குனிந்து பார்த்தாள். முதல் தடவை.

"இதுகள ஆறு அடிச்சுக்கொண்டு கீழ போயிராதா?"

"போகும் உம்மா. கொஞ்சம் கொஞ்சமாக் கீழதான் போகும். சிறகு வந்ததும் பொம்புளப் பூச்சி ஓட்டத்துக்கு எதிரா மேல பறந்து போய் முட்டை போடும். அதாலதான் மேல ஆறு வெறுமையாகாம இரிக்கி."

"ஆம்புளப் பூச்சி?"

"அதுவும் பறக்கும். ஆனா ஆம்புள மட்டும் தனிய ஒரு புது ஆத்துக்குப் போய் என்ன செய்யிற? முட்டை அவள்ட்டதானே இரிக்கி. பனி உருகின பிறகு இந்த நாட்டுல ஒவ்வொரு ஆத்துலயும் ஒரு பொம்புள எங்கயோ இருந்து வந்துதான் இது தொடங்கியிரிக்கி. ஒருத்தி பழைய ஆத்த விட்டுப் போகாட்டி இஞ்ச ஒண்டுமே இல்ல."

றிஸானா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

அந்த ஆற்றில் இரண்டு எழுத்தும் கலந்திருப்பதாகப் பிறகு சோதனையில் தெரிந்தது. தெற்கால் வந்தவையும் கிழக்கால் வந்தவையும் ஒரே கல்லுக்கடியில். சஹ்லா ஆய்வுகூடத்திலிருந்து சந்தோசத்தில் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். பஸ் ஓடிக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை. கடைசித் தரிப்பில் இறங்கித்தான் அவள் விட்டிருந்த குரல் செய்தியைக் கேட்டேன்.

ஆனால் அது இரண்டு கிழமைக்குப் பிறகு. ஆற்றுக்குப் போய் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் பின்னேரம், றிஸானா போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டாள். நாங்கள் இருவரும் கேட்க வேண்டும் என்று நினைத்தாள் போலும்.

"ராத்தா, எங்கட குடியில ஊட்ட உட்டுட்டுப் போன மொதல் பொம்புள ஆரு?"

"என்னகா கேள்வி இது?"

"நான்தானே. உம்மா போகல்ல, உம்மாட உம்மா போகல்ல, நீங்க போகல்ல. ஆம்புளதான் வருவான், நாங்க இருந்த இடத்துல இரிப்பம். நான்தான் புருசனுக்குப் பின்னால கடல் கடந்து போன. அண்டைக்கு நீங்க ஒருத்தரும் குடிட முறையெண்டு மறிக்கல்ல. முறைய உடைச்ச நான். இந்தப் புள்ள இல்ல."

போனுக்குள் ஒரு கோழி கத்துவது கேட்டது. எங்கள் வீட்டு முற்றத்துக் கோழியாக இருக்கும்.

"மறிச்சிருந்தா நிண்டிருப்பியா?"

றிஸானா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "தெரியா ராத்தா" என்றாள்.

"கடல் வந்தண்டு உம்மாவ நான் தனியத் தூக்கிட்டு ஓடின. தோள்ல போட்டுக்கொண்டு. நீ இல்லாம எனக்கு ஒரு கையி காணாமப் போன மாதிரி. மறுகா உம்மா மௌத்தானா. நீ போன்ல அழுத. எனக்குப் போன்ல அழவும் ஏலாம, ஊடு நெறைய ஆக்கள். உன்ன நான் இன்னும் மன்னிக்கல்லகா."

சுனாமியில் கடல் வந்து, அதற்குப் பிறகு மாமி இறந்த அந்தக் காலத்தில் எங்கள் வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போகாதே என்று றிஸானாவிடம் சொன்னது நான். இவ்வளவு காலமும் அந்தக் கடிதத்தை, அந்த அலுவலகத்தை, இந்த நாட்டைத் திட்டியிருக்கிறேன். மறித்தது நான் என்று ராத்தாவுக்குத் தெரியாது. றிஸானா அதை ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

அவள் அழுதாள். ராத்தாவும் அழுதார். சஹ்லா உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் பிரிட்ஜில் சாய்ந்து நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ராத்தா மூக்கைச் சீறிய சத்தம். பிறகு பழைய குரல்.

"நிக்காஹ் இந்த ஊட்டதான். உனக்கு உம்மா தந்த ஊடு. மாப்பிள பெட்டியத் தூக்கிட்டு இந்தப் படியால ஏறி வரணும்."

"குடி?"

"கேக்கிறவளுக்கு நான் சொல்லிக்குவன்."

"என்னெண்டு சொல்லுவீங்க?"

"கேக்கட்டுமேன், பாப்பம். மதில் வெடிச்சுக் கெடக்கு, கிணறு இறைக்கணும், பூசணும். நீ ஒரு மாசம் முந்தி வா. மச்சான் பொறகு வரட்டும். நீ தனிய வா."

இந்த இருபத்தாறு வருடத்தில் றிஸானா ஒரு பயணத்தையும் என்னிடம் கேட்காமல் முடிவு செய்ததில்லை. லீவு கிடைக்குமா, விசா சரியா, எந்த மாதம் என்று எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். இந்தத் தடவை அவள் திரும்பவே இல்லை.

"ஓம் ராத்தா, வாறன்."

நான் மேசைக்கு வந்து, அவளுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன்.